கவனக்குறைவால் கலைந்த சங்கம்

எங்கள் சங்கத்தைக் கொன்றவர்கள் மூன்று பேர். தலைவர், பொருளாளர், செயலாளர். செயலாளர் நான். கொலை என்பது கொஞ்சம் கடுமையான சொல்தான். மூன்று பேரும் முறைப்படி கையொப்பம் வைத்து, பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்துச் செய்த காரியத்தைக் கலைப்பு என்று சொல்வதே மரியாதை. அதைத் திருத்துவதற்குக் கனடாவின் கியூபெக் மாநிலச் சட்டமன்றம் கூடி ஒரு சட்டம் இயற்ற வேண்டி வந்தது. மொன்றியலில் எத்தனையோ தமிழ்ச் சங்கங்கள் பிறந்திருக்கின்றன, இரண்டாக உடைந்திருக்கின்றன, உடைந்த இரண்டும் ஒரே நாளில் பொங்கல் விழா வைத்திருக்கின்றன. சட்டம் போட்டு எழுப்பப்பட்ட பெருமை, எனக்குத் தெரிந்தவரை, எங்களுக்கு மட்டும்தான்.

சங்கம் என்றதும் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்ய வேண்டாம். நோத்ர-டாம்-த-கிரேஸில் டெப்பனர் என்று இங்கே சொல்கிற ஒரு மூலைக்கடைக்குக் கீழே ஒரு நிலவறை, முப்பது மடக்குக் கதிரைகள், ஒரு குத்துவிளக்கு. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு. பிள்ளைகள் தமிழில் ஆனா ஆவன்னா எழுதிவிட்டு, அது எவ்வளவு கஷ்டம் என்று பிரெஞ்சில் கதைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். புதன்கிழமைகளில் வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. நான் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் துப்புரவு வேலை. சோறு வடிக்க ஆள் இல்லாத புதன்களில் செயலாளரே சமையற்காரர்.

இவற்றையெல்லாம் பதிவு இல்லாமலே செய்திருக்கலாம். சோறு வடிப்பதற்கு எந்த அரசாங்கமும் சான்றிதழ் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒரு காரியத்துக்கு மட்டும் பதிவு வேண்டியிருந்தது, அந்தக் காரியம் என் தங்கை.

இலங்கையில் போர் மறுபடி மூண்டதும் அவள் இரண்டு பெண்பிள்ளைகளோடு மன்னாரில் படகேறி, தமிழ்நாட்டு அகதி முகாம் ஒன்றில் போய் இறங்கினாள். அவளுடைய கணவர் அதற்குச் சில மாதங்கள் முன்பு மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை. கூடப்பிறந்தவளை நான் தனியாளாகக் கனடாவுக்குக் கூப்பிட முடியாது. ஆனால் பதிவுபெற்ற அமைப்பு ஒன்று ஓர் அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்றுக் கூப்பிடலாம். எங்கள் சங்கம் அப்படிப் பொறுப்பேற்று விண்ணப்பித்திருந்தது. விண்ணப்பத்தில் திருமணமானவர் என்று ஒரு கட்டம், விதவை என்று ஒரு கட்டம். என் தங்கை இரண்டையும் வெறுமையாக விட்டு அனுப்பியிருந்தாள்.

இனி நாங்கள் செய்த வேலையைச் சொல்கிறேன். பதிவு பெற்ற அமைப்புகள் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு விபரப் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அதைத் தலைவர் அனுப்புகிறார் என்று நான் நினைத்தேன். நான் அனுப்புகிறேன் என்று தலைவர் நினைத்தார். பொருளாளர் எதையும் நினைக்கவில்லை, அவருக்கு அப்போது தொண்டையில் புற்றுநோய்.

படிவம் போகாத இரண்டாம் ஆண்டில் பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தலைப்பில் தடித்த எழுத்தில் 'ரேடியேஷன்' என்று இருந்தது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பதிவிலிருந்து பெயரை வெட்டுதல் என்றும் ஒரு பொருள் உண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும்? பொருளாளர் அண்ணை ஆஸ்பத்திரியில் ரேடியேஷன் எடுத்து முடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அடிக்கடி வீடு மாறுகிற மனிதர், கடிதங்களுக்குச் சங்க விலாசத்தையே கொடுத்திருந்தார். அவருடைய நோயைப் பற்றிய கடிதத்தை நான் வாசிப்பது அழகில்லை, குணமாகிவிட்டவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து மனத்தைக் கலக்குவதும் அழகில்லை. மிகுந்த பண்போடு அதை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த கடிதம் தலைவரின் பியர்பொன்ட்ஸ் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் போனது. தலைவர் ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே பல வருடங்கள் ஒரு கதவுத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கச்சேரியை விட்டு அவர் வந்திருந்தாலும் கச்சேரி அவரை விட்டுப் போகவில்லை. கடிதத்தைப் பார்த்ததும் சங்கத்தின் பதிவில் ஏதோ சிக்கல் என்பது வரை பிடித்துவிட்டார். நேரே பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே தட்டில் அடுக்கியிருந்த படிவங்களைத் தானே புரட்டி, ஒன்றைத் தெரிவு செய்து கொண்டுவந்தார். அதன் தலைப்பு 'டிஸொலூஷன்', அதாவது கலைப்பு.

"தம்பி, உமக்கு இது விளங்குதோ?" என்று என்னிடம் காட்டினார்.

"இல்லை அண்ணை."

"என்ர தொழிற்சாலைப் போர்மன் வெள்ளைக்காரன், இந்த ஊர்க்காரன். அவனுக்கு 'திஸ்' எண்டு வாயில வராது. 'டிஸ்' எண்டுதான் சொல்லுவான். டிஸ் டோர், டிஸ் பொக்ஸ். அப்ப இது என்ன? டிஸ் சொலூஷன். எங்கட பிரச்சினைக்கு இதுதான் தீர்வு எண்டு அவங்களே எழுதி வைச்சிருக்கிறாங்கள்."

சிரிக்காதீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை, வியந்தேன். எனக்குப் பின்னேர வேலைக்கு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்தேன். பொருளாளரும் வைத்தார். படிவத்தோடு பத்திரிகையில் ஓர் அறிவித்தலும் போட வேண்டும் என்றிருந்தது, அதையும் போட்டோம். இன்ன சங்கம் தன்னைத் தானே கலைத்துக்கொள்ள விரும்புகிறது என்று பிரெஞ்சில் கொட்டை எழுத்தில் வந்த அந்தத் துண்டைத் தலைவர் வெட்டி எடுத்து, நிலவறை அறிவித்தல் பலகையில் குத்தி வைத்தார். எங்கள் சங்கத்தின் பெயர் பத்திரிகையில் வந்தது அதுதான் முதல் தடவை. புதன்கிழமை சாப்பிட வந்தவர்கள் அதை நின்று பார்த்துப் பாராட்டினார்கள்.

நான்கு மாதங்களில் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்தத் தடவை எனக்கு விளங்குகிற மாதிரி ஆங்கிலத்திலும் இருந்தது. என் தங்கையைப் பொறுப்பேற்ற சங்கம் என்று ஒன்று உலகில் இல்லையாம். கோடை முடிவதற்குள் சங்கம் இருப்பதை நிரூபிக்காவிட்டால் கோப்பு மூடப்படுமாம். லாச்சியைத் திறந்து பூட்டி வைத்த பழைய கடிதத்தை எடுத்தேன். பெறுநர் இடத்தில் பொருளாளரின் பெயர் இல்லை, சங்கத்தின் பெயர் இருந்தது.

பொருளாளருக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் போனோம். கியூபெக்காரி, இளம் பெண். கதையைக் கேட்டுச் சிரித்தாள். தங்கையின் கோப்பைப் பற்றிய கடிதத்தை வாசித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பதிவாளர் வெட்டிய பெயரைப் பதிவாளரே திரும்பச் சேர்க்கலாம், ஆனால் நீங்களே கேட்டு வாங்கிய சாவை அவரால் மாற்ற முடியாது என்றாள். அதற்குச் சட்டமன்றத்தில் உங்களுக்கென்றே தனியாக ஒரு சட்டம் நிறைவேற வேண்டுமாம். எங்களுக்கென்றே தனியாக என்றதும் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டினார். பொருளாளர் மட்டும் தொண்டையைத் தடவிக்கொண்டு, "ரேடியேஷன் எனக்கு அடிச்சு நான் பிழைச்சன். சங்கத்துக்கு அடிச்சு சங்கம் செத்துப்போச்சு," என்றார்.

சட்டத்தரணி வரைவு எழுதினாள், தொகுதி உறுப்பினர் அதைச் சபையில் வைக்கச் சம்மதித்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது தலைவர் வரைவை வாசித்தார். அதாவது அவருடைய மகள் வாசித்துக் காட்டினாள். முகவுரையில் ஒரு சொல் இருந்தது. 'இனத்வெர்த்தான்ஸ்'. சங்கத்தின் நிர்வாகிகள் கவனக்குறைவால் கலைப்புக் கோரினர் என்று பொருள்.

"கவனக்குறைவோ?" தலைவர் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டார். "கச்சேரியில என்ர கையால போன கடுதாசி ஒண்டுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைச் சட்டத்தில எழுதி வைச்சால் என்ர பேரப்பிள்ளையள் வாசிக்கும். மொழி வித்தியாசம் எண்டு போடச் சொல்லும்."

"அண்ணை, அப்பிடிப் போட ஏலாதாம். பிழை விட்டனாங்கள் எண்டு சொன்னால்தான் மன்னிப்பினமாம்."

"அப்ப நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

தலைவரின் கையொப்பம் இல்லாமல் மனு போகாது. செத்துப்போன சங்கத்துக்கு இன்னும் அவர்தான் தலைவர். எனக்கு வந்த கோபத்தில் அந்த வீட்டுப் பூந்தொட்டி ஒன்றை உடைத்திருப்பேன். அதற்குப் பதிலாகச் சட்டைப்பையிலிருந்த தொலைபேசி அட்டையை எடுத்து, அவர் வீட்டுத் தொலைபேசியிலிருந்து முகாமுக்குப் பக்கத்துக் கடைக்கு அழைத்தேன். தங்கை ஓடிவந்து எடுத்தாள். தலைவர் அண்ணை பக்கத்தில் நிற்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கையில் கொடுத்தேன்.

அவள் என்ன கேட்டாள் என்பது ரிசீவருக்கு வெளியிலும் கேட்டது. முகாமில் எல்லாரும் கோப்பு மூடிவிடும் என்று பயப்படுத்துகிறார்களாம். "ஐயா, உங்கட சங்கம் இருக்குதுதானே?"

தலைவர் சுவரைப் பார்த்தார்.

"இருக்குது பிள்ளை. இருக்குது. யோசிக்காதையும்."

தொலைபேசியை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, 'இனத்வெர்த்தான்ஸ்' இருந்த பக்கத்தில் முதலாவதாகக் கையொப்பம் வைத்தார். வாழ்க்கையில் அவர் தெரிந்து சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அதை உண்மையாக்க அவருக்கு அவசரம் வந்துவிட்டது.

ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை பஸ் ஏறிக் கியூபெக் நகரத்துக்குப் போனோம். தலைவர் கோட் சூட், நான் விமான நிலைய வேலைக்குப் போடுகிற சப்பாத்து. குழு அறையில் ஒரு உறுப்பினர் மிகவும் மரியாதையாகக் கேட்டார், சங்கத்தை நடத்த விரும்புகிறவர்கள் எதற்காகக் கலைக்கச் சொல்லி விண்ணப்பித்தீர்கள் என்று. நான் வாயைத் திறக்கும் முன் தலைவர் எழும்பிவிட்டார். போர்மன், டிஸ் டோர், டிஸ் பொக்ஸ், டிஸ் சொலூஷன், ஒன்றையும் விடவில்லை. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து சிரித்தன. தலைவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார், "அது என்னுடைய பிழை," என்று ஆங்கிலத்தில் சொல்லி உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அந்த மனிதரை அன்றைக்குத்தான் எனக்கு முதல்முதல் பிடித்தது.

சபை விடுமுறைக்குக் கலைகிற அவசரத்தில் எங்கள் சட்டம் நிறைவேறியது. எங்கள் சங்கத்தின் நீளமான பெயரை அவர்கள் உச்சரிக்க எடுத்த நேரம்தான் அதில் பெரும்பகுதி. எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. எங்கள் பொதுக்கூட்டம் ஒன்றில்கூட இப்படி ஓர் அதிசயம் நடந்ததில்லை. தலைவர் அந்தச் சட்டத்துக்குச் சட்டம் போட்டு, கண்ணாடிக்குள் வைத்து, நிலவறைச் சுவரில் மாட்டினார். 'இனத்வெர்த்தான்ஸ்' இருந்த இடத்தை மறைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் மாலை தொங்கியது. தற்செயல்தான் என்றார்.

கோப்பு மூடப்படவில்லை. அடுத்த ஆண்டு பனி கரைகிற நாட்களில் தங்கையும் பிள்ளைகளும் டோர்வலில் வந்து இறங்கினார்கள். சில வாரங்களில் அவள் புதன்கிழமைச் சமையலைக் கையில் எடுத்துவிட்டாள், செயலாளரின் சாம்பாரிலிருந்து முதியவர்களுக்கு விடுதலை. ஒரு புதன்கிழமை பாத்திரம் கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்து அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணா, உதில என்ன எழுதியிருக்கு?"

முழுக்கதையையும் சொன்னேன். லாச்சியில் பூட்டிய கடிதத்தைக்கூட ஒளிக்கவில்லை. 'டிஸ் சொலூஷன்' வந்த இடத்தில் அவள் சிரித்தாள். வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த உற்சாகத்தில், சட்டத்தரணி எனக்கு விளக்கித் தந்திருந்த சட்டத்தின் முக்கியமான வரியைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "மேற்படி சங்கம் ஒருநாளும் இல்லாமற் போகவில்லை என்றும், இன்றுவரை இடைவிடாமல் இருந்து வந்தது என்றும் கருதப்படும்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கையைச் சேலையில் துடைத்தாள்.

"இப்பிடிக் காணாமற் போன ஆளுக்கும் எழுதுவினமோ அண்ணா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த வரியைத் திரும்ப ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன். இந்தத் தடவை 'மேற்படி சங்கம்' என்பதை விட்டுவிட்டு, 'வந்தது' என்ற இடத்தில் 'வந்தார்' என்று வாசித்தேன்.