திருத்தங்கல் அச்சகத்தில் காணாமல் போன நாரை

சிவகாசிக்குப் பெரும்பாலானவர்கள் பட்டாசு வாங்கப் போவார்கள். நான் போனது ஒரு காலண்டருக்காக. விருதுநகரில் இருக்கும் நூர்ஜஹானும் கும்பகோணத்தில் இருக்கும் நானும் ஒன்றரை வருடமாகப் பன்னிரண்டு ஓவியங்களைச் சேர்ந்து வரைந்தோம். ஒரே தாள் பார்சலில் போய்ப் போய் வரும். அவள் விட்ட இடத்தில் நான் தொடருவேன், நான் விட்ட இடத்தில் அவள். போனில் பேசியதோடு சரி, நேரில் பார்த்ததில்லை. மாதிரித் தாள்களைப் பார்த்து இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அச்சு ஓடும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினேன்.

மதுரையில் பஸ் மாறி, காலை எட்டரைக்கு விருதுநகர் வந்தேன். கூட்டத்தில் விரல் இடுக்கெல்லாம் நீலச் சாயத்தோடு ஒரு பெண் நின்றாள்.

"வாங்கக்கா. சாப்பிட்டீகளா?"

அவ்வளவுதான் அறிமுகம். சிவகாசி பஸ்ஸில் ஏறினோம். திருத்தங்கல் வழியில்தான் வருகிறது, அங்கேயே இறங்கிவிடலாம். டிக்கெட் முப்பது ரூபாய்க்குள்.

அச்சகத்தில் மேனேஜர் தாள்களை வரிசையாக விரித்தார். ஏப்ரல் வரை சந்தோஷமாகப் பார்த்தேன். மே மாதத்தில் நின்றுவிட்டேன். வெம்பக்கோட்டை நீர்த்தேக்கத்தை நூர்ஜஹான் வரைந்திருந்தாள், அதன் மேல் நான் ஒரு வெள்ளை நாரையைப் பறக்கவிட்டிருந்தேன். பதினைந்து நாள் வேலை. அதற்குப் பிறகு தாள் அவளிடம்தான் இருந்தது, அச்சகத்தில் கொடுத்ததும் அவள்தான். நாரை இல்லை. வெறும் வானம்.

"நீ அழிச்சிட்டியா?"

"அழிக்கலக்கா. மேல மஞ்சள் சாயம் ஓட்டுனேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. "நீங்க முன்னாடி அனுப்புன பழைய போட்டோ கம்ப்யூட்டர்ல கெடக்கு. நாரை வேணும்னா சொல்லுங்க, மாத்திருவோம். இப்ப மிஷின்ல வேற லோடு ஓடுது. நாலு மணிக்குள்ள சொன்னாப் போதும்."

பேசாமல் இருக்க முடியாது, அங்கே பேசவும் முடியாது. மாதிரித் தாளைச் சுருட்டிக்கொண்டு, சிவகாசி போய் வெம்பக்கோட்டை பஸ் பிடித்தோம். பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். கருவேலங்காட்டுக்குள் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்னப் பட்டாசு ஷெட்டுகள், வெயிலில் மிதப்பதுபோல் தெரிந்தன.

நீர்த்தேக்கத்தில் தண்ணீர் அடியில் கொஞ்சம்தான். தூரத்தில் இரண்டு நாரைகள் நின்றன. "பாரு, நாரை இருக்கே!" என்றேன், ஜெயித்துவிட்டதுபோல.

"நான் இல்லன்னா சொன்னேன்? அது இருந்தா எல்லாரும் அதைத்தானே பாப்பாக. இங்கன அடிக்கிற வெயிலை யாரு பாப்பா?"

தாளைக் கரையில் விரித்தேன். அப்போதுதான் கவனித்தேன். வானம் முழுக்க ஒரே மஞ்சள் இல்லை. நடுவில் ஓரிடம் மட்டும் கண் கூசுகிற மாதிரி வெளுத்திருந்தது. அது என் நாரை இருந்த இடம். மெல்லிய மஞ்சளுக்கு அடியிலிருந்து அதன் வெள்ளை எரிந்துகொண்டிருந்தது. விளிம்பு தெரியவில்லை, சிறகு தெரியவில்லை, வெளிச்சம் மட்டும். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா விட்டிருப்பீகளா?"

"மாட்டேன். சண்டை போட்டிருப்பேன்."

"பார்சல்ல எப்படிக்கா சண்டை போட?" என்றாள். சிரித்துவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பயந்துகொண்டே வந்திருக்கிறாள்.

திரும்பும் பஸ்ஸில் பட்டாசு ஷெட்டில் வேலை முடிந்த பெண்கள் ஏறினார்கள். முழங்கை வரை வெள்ளிப் பொடி. கம்பியைப் பிடித்த கைகளெல்லாம் மினுங்க, பஸ்ஸுக்குள் நிலா வெளிச்சம்போல் இருந்தது. நூர்ஜஹான் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அச்சகத்தில் நாரை வேண்டாம் என்று சொன்னேன், இருவரும் கையெழுத்துப் போட்டோம். "அப்ப மே மாசத்துக்கு இவுக பேரு மட்டும் போட்ருவோமா?" என்று நூர்ஜஹானைக் காட்டி மேனேஜர் கேட்டார்.

"ரெண்டு பேரும்தான். அவுக வெள்ளை இல்லாம இந்த வெயிலு ஏது?" என்றாள் நூர்ஜஹான், எனக்கு முந்திக்கொண்டு.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு வேண்டாம், பல அச்சகங்கள் மூடியிருக்கும். முன்பே போனில் சொல்லிவிட்டுப் போங்கள். பட்டாசு ஷெட்டுகள் பக்கம் தீப்பெட்டியோடு போகாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நீர்த்தேக்கத்தில் நிழல் குறைவு, தண்ணீர் கொண்டுபோங்கள். மாலையில் விருதுநகர் திரும்பினால் எண்ணெய் பரோட்டா உண்டு. யாருடனாவது சேர்ந்து வரைபவர் என்றால், அவரோடு ஒருமுறையாவது ஒரே பஸ்ஸில் போங்கள்.

காலண்டர் இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மே மாதத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள், "இதில் நீ எதை வரைந்தாய்?" என்று கேட்கிறார்கள். வெயிலை என்கிறேன்.