அவர் ஓட்டினால் மட்டும் நிற்கும் கார்

ஸ்டோர்காரர் ஓய்வுபெற்றுவிட்டார், அந்தச் செய்தி இன்னும் அவருக்குத்தான் போய்ச் சேரவில்லை. தொழிற்சாலைக் கிடங்கைக் கட்டி ஆண்டவர் என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். விடைபெற்ற அன்று அசல் சாவிகளை ஒப்படைத்தவர், டூப்ளிகேட் சாவிகளைப் பாதுகாப்புக் கருதித் தன்னிடமே வைத்துக்கொண்டார். யாருடைய பாதுகாப்பு என்று யாரும் கேட்கவில்லை. உள்ளங்கையில் அடங்காத அந்தக் கொத்தில் ஓரமாகக் கார் சாவியும் உண்டு. காலையில் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு காரில் கிளம்பிவிடுவார். எங்கே என்றால், "வேலை இருக்கு."

கார்தான் ஒத்துழைக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஏதாவது ஒரு மேடுபள்ளத்தில், அதுவும் நாலு பேர் பார்க்கிற இடமாகப் பார்த்து, பொசுக்கென்று அணைந்துவிடும். மறுபடி முடுக்கினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

மெக்கானிக் மகா மேதை. பிளக் என்றார், மாற்றினார். பெட்ரோல் பம்ப் என்றார், அதையும் மாற்றினார். வயரிங்கை உருவிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி பிரமாதமா ஓடுது சார். உங்க கைதான் சரியில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். கொடுமை என்னவென்றால், அவர் ஓட்டும்போது கார் ஒரு தடவைகூட நின்றதில்லை.

மருமகன் அக்கறையோடு போன் செய்தார். "ஆள் பாத்துட்டேன் மாமா. ஞாயித்துக்கிழமை வந்து வண்டிய எடுத்துக்குவாங்க. இனிமே உங்களுக்கு எதுக்கு கார்?"

கார் போனால் காலையில் கிளம்ப முடியாது. நாள் முழுக்க வீட்டில் என்ன செய்வது? கடைசியாக ஒரு தடவை காட்டிவிடலாம் என்று ஸ்டோர்காரர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் புறப்பட்டார்.

வேகத்தடையில் கார் குலுங்கியது. சாவிக்கொத்து ஆடியது. எஞ்சின் நின்றது. பின்னாலிருந்தவர்கள் ஹாரனிலேயே திட்டினார்கள்.

மனைவி கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெக்கானிக்கிட்ட இத்தனை சாவியையுமா குடுக்கறீங்க?"

"கிடங்குச் சாவிய எவன் கையிலயாவது குடுப்பேனா? கார் சாவிய மட்டும் கழட்டித்தான் குடுப்பேன்."

"அதான் அவன் ஓட்டினா நிக்கல. இவ்வளவு இரும்பத் தொங்க விட்டா, தேஞ்சு போன பூட்டு என்ன செய்யும்? குலுங்கினதும் சாவி தானா திரும்பி வண்டி அணைஞ்சிடுது."

கார் சாவியை மட்டும் கழற்றி அவளே போட்டாள். அதே வேகத்தடையில் போனார்கள், வந்தார்கள். கார் நிற்கவில்லை. ஆனந்தக் கூத்தாடியிருக்க வேண்டிய மனிதர், அவள் மடியில் கிடந்த கொத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"பத்திரமா வை. அவங்களுக்கு என்னிக்காவது தேவைப்படும்."

அவள் தயங்கினாள். "தேவைப்படாதுங்க. நீங்க ரிட்டயர் ஆகி வந்த அன்னிக்கே அங்க பூட்டையெல்லாம் மாத்திட்டாங்களாம். வாட்ச்மேன் சொன்னார். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"தெரியும்" என்றார். "மறுநாளே போய்ப் போட்டுப் பாத்தேன். எதுவும் திறக்கல."

மெக்கானிக் கடை வந்தது. அவர் நிறுத்தவில்லை.