காய்ச்சல் விட்டது, அசதி விடவில்லை

போராட்டம் நடத்துவதும் ஒரு தொழில்தான். அதற்குத் தொண்டையும் கால்களும் போதும் என்று முப்பது வருஷம் நம்பியிருந்தேன். அதில் எனக்கு நேர்ந்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, திண்டிவனத்தில் வாங்கிய தடியடி. இரண்டாவது, அதை வாங்கியது வேறொருவர் என்று நோட்டீஸில் அச்சானது. மூன்றாவது, அந்த வேறொருவருக்குச் செஞ்சியில் மாலை போட்டது. மாலையை வாங்கி வந்தவனே நான்தான். நாலாவது, அறுபதைத் தாண்டிய வயதில் வந்த விஷக்காய்ச்சல். அது ஐந்து நாளில் போனது. அசதி மட்டும் மூன்று மாதம் தங்கியது. பட்டவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாதிக் கோஷம்

வல்லம் சாலையில் வேர்க்கடலை உடைக்கிற ஒரு மல்லாட்டை மில். அங்கே தினமும் காலையில் வாசலில் மேஸ்திரி பேர் படிப்பார். பேர் வராதவர்களுக்கு அன்று வேலையில்லை. அதே காய்ச்சலில் விழுந்து எழுந்த அஞ்சலையின் பேர் பத்து நாளாக வரவில்லை. நாலு கூடை தூக்கினால் உட்கார்ந்துவிடுகிறாள், சோம்பேறி என்பது மேஸ்திரியின் தீர்ப்பு. அவள் உழைப்பை நம்பி மூன்று பிள்ளைகள்.

பெண்களைத் திரட்டி வாசலில் நின்றேன். "வேண்டும், வேண்டும்!" என்றேன். அவர்களும் "வேண்டும், வேண்டும்!" என்றார்கள். அடுத்த வரி வரவேயில்லை. தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. நாலு தடவை வெறுமனே வேண்டினோம். கடைசியில் அஞ்சலையே பக்கத்தில் வந்து சொன்னாள்: "இன்னா வேணும்னு சொல்லிடு நைனா, உள்ள இருக்கறவங்களும் தெரிஞ்சிக்கட்டும்."

டாக்டரம்மாவிடம் தகராறு

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா நெஞ்சையும் ரத்தத்தையும் பார்த்துவிட்டு, இதில் மூளைக்கும் பங்கு இருக்கலாம் என்றார். எனக்குக் கோபம் பொங்கியது. "எனக்கா மூளைக் கோளாறு? நடிக்கிறேன் என்கிறீர்களா?"

அவர் பொறுமையாகச் சொன்னார். காய்ச்சலின்போது, 'படு, அசையாதே' என்று உடம்புக்கு உத்தரவு போடுவது மூளைதான். கிருமி போன பிறகும் சிலருக்கு அந்த உத்தரவு நீங்குவதில்லை போலிருக்கிறது. காரணம் முழுதாகத் தெரியவில்லை. ஆனால் அசதி நிஜம். வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். "அதாவது, ஸ்டிரைக் வாபஸ், மறியலில் நிற்கிற ஆளுக்குச் சேதி போகவில்லை" என்றேன். அவர் சிரித்துவிட்டார்: "அதேதான் ஐயா. அதுக்காக அவர் மேல போலீஸை ஏவாதீங்க."

ஒப்புதல் வாக்குமூலம்

மறுநாள் மில் வாசலில் எனக்கு வேறு ஆதாரம் கிடைக்கவில்லை. யாரிடமும் களைப்பு என்று சொல்லாத நான், அத்தனை பேர் முன்னால் மேஸ்திரியிடம் சொன்னேன்: "அஞ்சலைக்கு வந்ததுதான் எனக்கும். நேற்று கோஷம் மறந்தது அதனால்தான். உட்கார்ந்து மல்லாட்டை சலிக்கிற வேலை கொடுங்கள், போகப்போகக் கூட்டிக்கொள்ளலாம்." மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயே வாயடைச்சு நின்னேன்னா அது மெய்யான நோவுதான்யா. நாளைக்கு வரச் சொல்லு."

அவர் வாய்வார்த்தையை நம்பாமல் மறுநாள் காலை ஏழு சாட்சிகளோடு வாசலுக்குப் போனேன். முப்பது வருஷமாக மூளையைக் கசக்கிப் பேசி வாங்க முடியாததை, அந்த மூளை களைத்துப்போனதைச் சொல்லி வாங்கினேன் என்பதற்கு அத்தாட்சியாக மேஸ்திரி உரக்கப் படித்தார்: "அஞ்சலை!"