நங்கையாவின் கழுத்துக்கு ஒரு தலையணை

காந்திபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், நாங்கள் கார் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறோம். அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது எல்லாம் நான். தைத்ததை வண்டிக்குள் மண்டிபோட்டு மாட்டுவதும் வருகிறவர்களிடம் பேசுவதும் என் வீட்டுக்காரர். அவருக்குப் பேச்சு நன்றாக வரும். எனக்கு ஃபோமும் ரெக்சினும்தான் புரியும்.

போன ஆடி மாதம், காற்றில் கடைப் பலகை படபடவென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நங்கையா வந்தார். வீட்டுக்காரரின் அக்கா அவர். மூத்த நாத்தனாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். மதுக்கரையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், விறைப்பான நடை. அன்றைக்கு மட்டும் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் என்னைப் பார்த்தார். கழுத்து திரும்பவில்லை.

பையிலிருந்து சாம்பல் நிறத் தலையணை ஒன்றை எடுத்து வெட்டுகிற மேசை மேல் வைத்தார். குதிரை லாடம் போல வளைந்து, பயணம் போகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைவார்களே, அது.

"இதைக் கண்டுபுடிச்சவனுக்குக் கழுத்தே இருக்காதாட்ட இருக்குது அம்மணி," என்றார்.

அவருடைய மகளுக்குப் பெங்களூரில் குழந்தை பிறந்திருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பகல் ரயிலில் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வருவார். ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் தூக்கம் வந்துவிடும். தலை தொங்கும். இறங்கும்போது கழுத்து பிடித்துக்கொண்டிருக்கும். டாக்டர் கழுத்துப் பட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார். பட்டையோடு கடைவீதிக்குப் போனால் பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன ஆச்சு என்று நிறுத்திக் கேட்டார்களாம். பட்டை பீரோவுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் மருமகன் இந்தத் தலையணையை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"மாப்பிள்ளை ஆசையா வாங்கிக் குடுத்தாரு, குறை சொல்லக் கூடாது. ஆனா இது பின்னால இருந்து தலையை முன்னால தள்ளுது. தள்ளுன தலை எங்க போகும்? கீழதான் போகும். நீ சீட்டுத் தைக்கறவதானே, எனக்கு ஒண்ணு தச்சுக் குடு."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்களில் நங்கையா என்னிடம் எதையும் கேட்டதில்லை. எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் பரீட்சைத் தாள் திருத்துகிற கண் அவருக்கு. வீட்டுக்கு வந்தால் நான் தைத்த திரைச்சீலையின் ஓரத்தில்தான் அந்தக் கண் முதலில் போய் நிற்கும். எனக்குக் கொஞ்சம் பயம். அதனால் யோசிக்காமலே, "தச்சுப்போடலாமுங்க," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, மனிதர்கள் உட்கார்ந்தபடி எப்படித் தூங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சீட்டுத் தைக்கிறவள் காலி சீட்டைத்தான் பார்க்கிறேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு மதுக்கரை போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன். உண்ட மயக்கத்தில் பாதிப் பேர் தூங்குகிற நேரம் அது. நான் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். கண்டக்டர் வந்தார்.

"ஏனுங்க, யாரையாச்சும் தேடறீங்களா?"

"இல்லைங்க. தூங்கறவங்களைப் பாக்கறனுங்க."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

இரண்டு நடை போய் வந்ததில் எனக்குக் கொஞ்சம் தெளிவு கிடைத்தது. யாருடைய தலையும் பின்னால் விழுவதில்லை. அங்கேதான் சாய்மானம் இருக்கிறதே. ஒன்று பக்கவாட்டில் விழுகிறது, இல்லை முன்னால் விழுகிறது. பக்கவாட்டில் போகிற தலைக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை அடைத்தால் போதும். முன்னால் போகிற தலைக்குத் தாடைக்குக் கீழே ஏதாவது ஒன்று தாங்க வேண்டும். நங்கையா கொண்டுவந்த தலையணையில் பஞ்சு எங்கே மொத்தமாக இருந்தது? பிடரியில். எங்கே ஒன்றுமே இல்லை? தாடைக்குக் கீழே. திறப்பே அங்கேதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நங்கையாவைக் கடைக்கு வரச் சொன்னேன். மாதிரி காட்டுவதற்காக ஒரு பழைய கார் சீட்டு கடையில் கிடக்கிறது. அதில் உட்காரவைத்து டேப்பை எடுத்தேன். அவர் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்துகொண்டார்.

"தூங்குனாத்தானுங்க அளவு சரியா வரும்," என்றேன்.

"முப்பது வருசம் கிளாசுல நின்னவ நான். ஒருத்தர் பாத்துட்டு இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

காத்திருந்து பார்த்தோம். வரவில்லை. அப்போது வீட்டுக்காரர் உள்ளே வந்து, எங்கள் சந்தில் வண்டி நிறுத்துகிற பிரச்சினையை எப்படித் தீர்க்கலாம் என்று அக்காவிடம் விளக்க ஆரம்பித்தார். எந்தப் பக்கம் நுழைய வேண்டும், எந்தப் பக்கம் வெளியே போக வேண்டும், டூவீலருக்குத் தனி இடம் எங்கே. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நங்கையாவின் தலை மெதுவாக இடது பக்கம் இறங்கியது. நான் டேப்பையும் சாக்பீஸையும் வைத்துக்கொண்டு காதிலிருந்து தோளுக்கு, தாடையிலிருந்து நெஞ்சுக்கு, எல்லாவற்றையும் சத்தமில்லாமல் குறித்துக்கொண்டேன்.

"என்ற பேச்சு ஒருத்தருக்காச்சும் பிரயோசனப்பட்டுது," என்றார் வீட்டுக்காரர்.

முதலில் தைத்தது கெட்டி ஃபோமில். பிடரிப் பக்கம் வெறும் துணிப்பட்டை, இரண்டு பக்கமும் செங்கல் மாதிரி ஃபோம். அதை வீட்டுக்காரர் கழுத்தில் மாட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் வந்தார். இவருக்குத் தலையைத் திருப்ப முடியவில்லை. முட்டுச்சந்தில் லாரியைத் திருப்புவதுபோல முன்னும் பின்னும் கால் வைத்து உடம்போடு திரும்பினார். வந்தவர் பதறிப்போய், "ஆக்சிடென்ட்டுங்களா?" என்று கேட்டார். சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் காது சிவந்திருந்தது.

இரண்டாவதில் இலவம் பஞ்சு அடைத்தேன். நானே மாட்டிக்கொண்டு பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினேன், மாட்டிய உடனே சுகமாக இருந்தது. ஆனால் காந்திபுரத்தில் உப்பியிருந்த தலையணை பொள்ளாச்சி போய்ச் சேருவதற்குள் அப்பளமாகிவிட்டது. போதாததற்கு மேலுறை வெல்வெட். கழுத்தெல்லாம் வேர்வை. என் கறுப்புப் புடவையில் ஒட்டிய பஞ்சு இரண்டு நாளைக்கு உதிர்ந்துகொண்டே இருந்தது.

மூன்றாவதற்குக் கொஞ்சம் நிதானமாக யோசித்தேன். சோமனூரில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறார்கள். அங்கே போய், துவைக்கத் துவைக்க மிருதுவாகிற பருத்தித் துணி வாங்கி வந்தேன். கடையில் மிஞ்சுகிற ஃபோம் துண்டுகளை நிலக்கடலை அளவுக்குக் கத்திரித்து அடைத்தேன். அவை அமுங்கிச் சரிந்துவிடாமல் இருக்க, நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு கெட்டி ஃபோம் தகட்டை நிமிர்த்தி வைத்தேன். முன்பக்கம், தாடை உட்காருகிற மாதிரி ஒரு சின்னத் திண்டு. அதைப் பட்டன் போட்டு மூடிக்கொள்ளலாம்.

நங்கையா மாட்டிக்கொண்டு பழைய சீட்டில் சாய்ந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணை மூடி, திறந்து, தலையை அசைத்துப் பார்த்தார்.

"தாடைக்கு நல்லா இருக்குது. ஆனா எனக்கு எப்பவும் இடது ஜன்னல்தான். இடது பக்கம் இன்னும் உசரம் வேணும். வலது பக்கம் இத்தனை எதுக்கு? சும்மா இடிக்குது."

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கோணுமில்லீங்க. சீட்டை அப்பிடித்தானுங்க தைப்போம்."

"சீட்டு தூங்குமா கண்ணு?"

நான் கையிலிருந்த கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன். இத்தனை வருடமாக இடதும் வலதும் ஒரு நூல் பிசகினால் பிரித்துத் தைத்தவள் நான். அது சீட்டுக்குச் சரி. தூங்குகிற மனிதர் ஒரு பக்கம்தான் சாய்கிறார். அதற்கு எதற்கு இரண்டு பக்கமும் ஒரே உயரம்?

நங்கையா மேசையில் கிடந்த ஒரு பழைய அட்டையைத் திருப்பி, என் சாக்பீஸை வாங்கி, தோளுக்கு ஒரு சாய்கோடும் தலைக்கு ஒரு வட்டமும் போட்டார். தலை இத்தனை சாய்ந்தால் கழுத்துக்கு வலி இல்லை, இதற்கு மேல் போனால் வலி என்று கோணம் குறித்தார். நான் குனிந்து பார்த்து, "இந்த இடத்துல ஃபோம் மடங்குமுங்க, இங்க ஒரு தையல் ஓட்டிட்டா நிக்கும்," என்றேன். அவர் கோட்டை அழித்து என் தையலுக்குத் தகுந்த மாதிரி மாற்றிப் போட்டார். இரண்டு பேரும் மேசை மேல் தலையோடு தலை முட்டுகிற மாதிரி குனிந்திருந்ததை வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, டீ வாங்கிவரப் போய்விட்டார். டீ வந்து ஆறிப்போனதுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே பிரித்துத் தைத்தேன். இடது பக்கம் காது வரைக்கும் உயரம். வலது பக்கம் நாலு விரல் குறைவு. வலது ஜன்னல் கிடைத்தால் தலையணையைக் குப்புறத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம், உயரம் அந்தப் பக்கம் வந்துவிடும். தைத்து முடித்துக் கையில் வாங்கியபோது நங்கையா ஓரத்தையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். பையில் வைத்துக்கொண்டு, "வாரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பெங்களூர் போனார். போய்ச் சேர்ந்ததும் பேரன் பல் முளைத்த கதையைத்தான் போனில் சொன்னார், தலையணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானாகக் கேட்கவும் கூச்சம். நாலு நாள் கழித்து அவர் திரும்பி வருகிற நாள். மத்தியானம் ஒரு மணி வாக்கில் கோயமுத்தூர் ஸ்டேஷனில் இறங்கியிருக்க வேண்டும். ஒன்றரை ஆயிற்று, இரண்டு ஆயிற்று, வீட்டுக்காரர் போன் மேல் போன் போட்டார். எடுக்கவில்லை. எங்கள் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டேகாலுக்கு என் போன் அடித்தது.

"அம்மணி, பதறாத. நான் பாலக்காட்டுல இருக்கறேன்."

"பாலக்காட்டுக்கு எதுக்குங்க போனீங்க?"

"நான் எங்க போனேன்? ரயில் கூட்டிட்டுப் போயிருச்சு. தூங்கிப்போட்டேன்," என்றார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். நங்கையா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

கடையைச் சாத்திவிட்டு இருவரும் காரில் கிளம்பினோம். "எங்கக்கா ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாப் போனதில்லை," என்று வீட்டுக்காரர் வாளையார் தாண்டுகிற வரைக்கும் புலம்பிக்கொண்டே ஓட்டினார். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம் பொங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாலக்காடு பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில், கழுத்தில் தலையணையோடு, காகிதத்தில் வைத்துப் பழம்பொரி, அதுதான் அந்த ஊர் வாழைப்பழ பஜ்ஜி, தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மலையாளத்து அம்மாவோடு ஏதோ பேச்சு.

"திருப்பூர் வரைக்கும் தெரியும் கண்ணு. அதுக்குப் பொறவு ஒண்ணும் தெரியாது. யாரோ சாயா சாயான்னு சொல்றது காதுல விழுந்துச்சு. கோயமுத்தூர்ல டீயை எதுக்கு சாயான்னு விக்கறாங்கன்னு யோசிச்சுட்டே கண்ணைத் தொறந்தேன். மதுக்கரையில என்ற ஊட்டுப் பக்கமாவே ரயில் போயிருக்குது, அதுவும் தெரியலை." சொல்லிக்கொண்டே பட்டனைக் கழற்றித் தலையணையை எடுத்துவிட்டு, கழுத்தை இடது பக்கம் திருப்பினார். வலது பக்கம் திருப்பினார். "பாரு. வலியே இல்லை."

மீதிப் பழம்பொரியை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தார். பக்கத்து அம்மா தலையணையை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நங்கையா என்னைக் கை காட்டினார். "இவ தச்சது. என்ற தம்பி சம்சாரம். தையல் பிரியவே பிரியாது."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பழம்பொரி சூடாக இருந்தது நினைவிருக்கிறது.

இப்போது சீட் கவர் வேலைக்கு நடுவே, கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் தலையணை தைக்கிறேன். மொத்தமாகத் தைத்து அடுக்கி வைப்பதில்லை, ஒவ்வொருவருக்கும் அளவெடுக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவீர்கள் என்று கேட்டால் நிறையப் பேருக்குப் பதில் தெரிவதில்லை. தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும், பக்கத்தில் உட்காருகிறவரைத்தான் கேட்க வேண்டும்.

போன மாதம் ஈரோட்டிலிருந்து வயதான தம்பதி ஒன்று வந்தது. காசிக்குப் போகிறார்களாம், இரண்டு நாளுக்கு மேல் ரயில். ஐயா வலது பக்கம் என்றார். அந்த அம்மா, "இல்லைங்க, இடதுதான். நாப்பது வருசமா என்ற தோள்லதான் சாயறாரு," என்றார். சரி என்று இடது பக்கத்துக்கு அளவெடுத்துக் குறித்துக்கொண்டிருந்தேன். ஐயா வெளியே போனதும் அந்த அம்மா மேசையருகே வந்து மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் சின்னதாவே தைங்க கண்ணு."

அப்படியே தைத்துக் கொடுத்தேன்.