பதிவேட்டில் எழுதிய அமைதி

எங்கள் வார்டில் பூட்டு அண்ணனின் மூக்கு மூன்று முறை உடைந்திருக்கிறது. மூன்றாவது முறை விரலாலேயே நிமிர்த்திக்கொண்டு, "பழைய வீட்டுக் கதவு, இப்படித்தான் இறங்கும்" என்றார். பின்னாலிருந்து இரண்டு கையையும் கோத்து ஒருவரைப் பிடித்தால் அப்புறம் சாவி கிடையாது. அதனால் வந்த பெயர் பூட்டு. பதினான்கு வருடம் வார்டு உதவியாளர். நான் அவருக்கு ஐந்து வருடம் இளையவன்.

மனநல மருத்துவமனை என்றாலே அடிதடி என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்கள். மிச்சமிருக்கிற சிலருக்கானது எங்கள் மூடிய வார்டு. அவர்களும் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். பயந்தவன் அடி கண் மண் தெரியாமல் விழும். தட்டு, ஸ்டூல், முழங்கை, பல் என்று எல்லாம் வரும். நாங்கள் திருப்பிக் கொடுத்ததும் சும்மா இல்லை.

ஷிப்ட் முடியும்போது ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் பதிவேட்டில் எழுத வேண்டும். "தாக்கினார்" என்று எழுதினால் மூன்று படிவம், ஒரு விசாரணை, யார் கை முதலில் ஓங்கியது என்ற கேள்வி வேறு. ஆகவே எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆளை அடக்கிப் படுக்கையோடு கட்டிவிட்டு, அதற்குப் பிறகு எப்படி இருக்கிறாரோ அதை எழுதுவோம். கட்டிப்போட்டவர் வேறு எப்படி இருப்பார்? அமைதி. நாலு வருடத்துப் பதிவேட்டைப் புரட்டினால் அது ஆசிரமமோ என்று தோன்றும்.

இரண்டு வருடத்துக்கு முன் கம்ப்யூட்டர் மேடம் வந்தார். நோயாளிகளின் தலையில் ஒயர் வைத்த தொப்பியை மாட்டி, மூளையில் ஓடுவதைப் பதிந்துகொண்டு போவார். அதை வைத்துக் கம்ப்யூட்டருக்குள் அந்த ஆளின் மூளையைப் போலவே ஒரு மாதிரி செய்வாராம். எந்த மருந்து, எவ்வளவு என்று முதலில் அதில் போட்டுப் பார்ப்பாராம்.

"உசுருள்ள மூளையில போட்டுப் பாத்து வீணாக்குறதுக்கு, இதுல வீணாக்கினா யாருக்கும் வலிக்காதில்ல?" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

எந்த மருந்தில் யார் தேறினார்கள் என்று அந்த மாதிரிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமல்லவா? அதற்கு அவர் எடுத்துப்போனது எங்கள் பதிவேட்டைத்தான். அதிலிருக்கிற அமைதி கட்டிப்போட்ட அமைதி என்று நாங்கள் சொல்லவில்லை.

போன வருடம் பூட்டு அண்ணனின் தம்பியையே கொண்டுவந்து சேர்த்தார்கள். டைல்ஸ் ஒட்டுகிற பையன், இருபத்தாறு வயது. அண்ணனை யாரோ கொன்றுவிட்டு அவர் முகத்தை மாட்டிக்கொண்டு திரிகிறான் என்று காதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. தொப்பி மாட்டினார்கள். சின்ன வெள்ளை மாத்திரை, குறைந்த அளவே போதும் என்று அந்தக் கம்ப்யூட்டர் மாதிரி சொன்னது. பெரிய டாக்டரும் சரி என்றார். பூட்டு அண்ணன் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரம். தம்பி தட்டின் விளிம்பால் அண்ணன் புருவத்தில் ஒரு போடு போட்டான். ரத்தம் கண்ணை மறைத்தது. "என் அண்ணனை எங்கடா பொதைச்ச?" என்று கத்தியபடி பாய்ந்து காதைக் கடித்தான். நான் ஓடுவதற்குள் பூட்டு விழுந்துவிட்டது. தம்பி திமிறினான். பதினான்கு வருடப் பழக்கம், அந்தக் கை தம்பி என்று பார்க்கவில்லை. விறகு முறிகிற சத்தம் கேட்டது. தம்பியின் வலது கை தொங்கியது.

"டேய், நான்தாண்டா... நான்தாண்டா" என்று பூட்டு அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று பதிவேட்டை எழுதியது நான். குளியலறையில் வழுக்கிக் கை முறிந்தது. நிலை: அமைதி. உதவி செய்வதாக நினைப்பு. இன்று நினைத்தால் என் கையை நானே ஒடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு நாளில் மேடம் சந்தோஷமாக வந்தார். "மாதிரி சொன்னபடியே நடந்திருக்கு. உங்க தம்பி நல்லா அமைதியா இருக்காரு. மருந்தை மாத்தவே வேண்டாம்."

பூட்டு அண்ணன் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் தம்பி ஆயுள் முழுக்கச் செத்துப்போன அண்ணனைத் தேடிக்கொண்டிருப்பான்.

அவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். மேடம் ஓர் அடி பின்னால் போனார்.

"அந்தப் பதிவேடு பொய் மேடம். நெசமானது இங்க இருக்கு. இது பல்லு. பத்தாம் நம்பர் படுக்கை, சின்ன வெள்ளை மாத்திரை ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம். இது ஸ்டூல். அதே மாத்திரைதான்."

தழும்பு தழும்பாகச் சொன்னார். என்னிடமும் ஏழு இருந்தன. வெட்கத்தை விட்டுக் கால்சட்டையை மடித்தேன். மேடம் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை மேசையில் எறிந்தார்.

"உங்க எழுத்தை நம்பி எத்தனை பேருக்கு இந்த மாத்திரையையே குடுத்திருக்கோம் தெரியுமா? நீங்கல்லாம் மனுஷங்கதானா?"



"இன்னும் ஒண்ணு இருக்கு. அது என் ஒடம்புல இல்ல மேடம்" என்றார் பூட்டு அண்ணன். "தம்பி வலது கையில இருக்கு. வழுக்கி விழல. நான் ஒடச்சது."

விசாரணையில் அவர் வேலை போனது. எனக்கு மூன்று மாதத் தற்காலிக நீக்கம். மேடம் மாதிரியை முதலிலிருந்து திருத்தினார். அது இப்போது தம்பிக்கு வேறு மருந்தைக் காட்டியது, பெரிய டாக்டர் பார்த்து மாற்றினார். மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது, அவ்வளவுதான்.

நான் வேலைக்குத் திரும்பிய வாரம், பூட்டு அண்ணன் பார்வையாளர் நாற்காலியில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி அவரை வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணா."

பல மாதம் கழித்து அந்த வார்த்தை. பூட்டு அண்ணன் உடைந்து அழுதார்.

"இந்தக் கைய ஒடச்சது நீதானே?"

"ஆமாடா."

"கத்தினேன்ல. விட்டிருக்கலாம்ல?"

"விட்டிருக்கலாம்டா."

ஒட்டிய கையாலேயே பளாரென்று ஓர் அறை விட்டான் தம்பி. நான் எழுந்தேன், ஆனால் போகவில்லை. பூட்டு அண்ணன் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. தம்பி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் தோளில் சாய்ந்தான்.

அன்று மூன்று படிவத்தையும் நிரப்பினேன். பதிவேட்டில் இப்படி எழுதினேன்: நோயாளி தம் அண்ணனைக் கன்னத்தில் ஒரு முறை அறைந்தார். அண்ணன் என்று தெரிந்துதான் அறைந்தார்.