அம்மாவின் வலது கை

லான்மடாவில் உள்ள வங்கியில் என் சேமிப்புப் புத்தகத்தை நீட்டினேன். குமாஸ்தா முத்திரையை ஓங்கிக் குத்தியதும் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த தாகேதா வாடகை வீட்டில் அன்று கதவு அறைந்த சத்தம் அது.

வீடு கட்டும் சங்கத்தில் அம்மா மாதாமாதம் சேமித்து வந்தாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒரு மத்தியானம் சூதில் தோற்று வந்த அப்பா, சங்கத்துப் பணத்தை எடுக்கும் படிவத்தை அவள்முன் போட்டார்.

"கையெழுத்துப் போடு."

"பிள்ளைக்கு வீடு வேணும். போடமாட்டேன்."

அவளுடைய வலது கையைக் கதவிடுக்கில் வைத்து அறைந்தார். இரண்டாவது அறையில் விரல்கள் முறிந்தன. ஓடிப்போய் அவர் தொடையைக் கடித்தேன். என் தலையைச் சுவரில் மோதினார். "பிள்ளையை விடுங்க," என்று சொல்லி, ரத்தம் வழியும் கையாலேயே அம்மா கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் அப்பா அம்மாவைச் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். கணக்கர் படிவத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கைக்கட்டைப் பார்த்தார்.

"கையெழுத்து ஒத்துவரலை. கை ஆறினதும் வாங்க," என்றார்.

அந்த விரல்கள் கடைசிவரை நிமிரவில்லை. பணம் கிடைக்காத அப்பா படகேறி அக்கரையிலுள்ள டாலாவுக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. அடுத்த மாதம் சங்கத்தில் அம்மா தயங்கித் தயங்கி இடது கையால் பணத்தை நீட்டினாள்.

"பணம் கட்டறதுக்குக் கையெழுத்து வேண்டாம்மா," என்று கணக்கர் வாங்கிக்கொண்டார்.

அப்படிக் கட்டிய வீட்டில்தான் நான் இன்றும் இருக்கிறேன்.