மதுரைக்குச் சேலை எடுக்கப் போனோம்

தூத்துக்குடியில் யாராவது மதுரைக்குப் பட்டுச்சேலை எடுக்கப் போவதாகச் சொன்னால் நான் இப்போது நம்புவதில்லை. எங்கள் ஊரில் இல்லாத சேலையா? நானும் ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டுப் போனவள்தான்.

அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் வேலை. மகளுக்கு ஆறுமுகநேரியில் மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் நிச்சயம் முடிந்திருந்தது. தையில் கல்யாணம். நிச்சயம் முடிந்த இரண்டாவது வாரம், குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். வலியில்லை. வலித்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். வலிக்காத கட்டியைத்தான் நம்பக்கூடாது என்று எங்கோ படித்துத் தொலைத்திருந்தேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. வியாதியின் பேரை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் அதற்கு ‘அந்தச் சீக்கு’ என்றுதான் பெயர். பேரைச் சொன்னால் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகிவிடுமாம்.

மறுநாளே போர் தொடங்கியது, அடுப்படியில். பிளாஸ்டிக் டப்பாக்களும் நான்ஸ்டிக் தோசைக்கல்லும் வெளியேறின. செம்புப் பானை உள்ளே வந்தது. செல்போன் தலைமாட்டிலிருந்து பீரோவுக்குப் போனது. துறைமுகக் காற்றில் கரித்தூள் இருக்கிறது என்று ஜன்னல்களையும் சாத்தினார். வாட்ஸ்அப்பில் வந்தபடி காலையும் மாலையும் முள்சீத்தா இலைக் கஷாயம். கட்டி கரைந்ததோ இல்லையோ, என் நாக்கு செத்துப்போனது. இப்படி எனக்காக அந்த மனிதர் செய்யாதது ஒன்றே ஒன்றுதான். டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை.

“ஏளா, டாக்டர்ட்ட போனாத்தான அவரு ஏதாவது சொல்லுவாரு,” என்றார். “ஊசி குத்திப் பாப்பாவ. குத்துனா பரவிரும்னு சொல்லுதாவ. கல்யாணம் முடியட்டும்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் அப்படிச் சொல்ல மாட்டாரா என்றுதான் நானும் காத்திருந்தேன். ஆபீஸில் ஒரு சரக்குப் பெட்டிமேல் சந்தேகம் வந்தால் திறந்து பார்க்காமல் கப்பலேற்ற விடமாட்டேன் என்று சண்டை பிடிக்கிறவள் நான்.

என் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசினால் தெருமுனைப் பலசரக்குக் கடையில் விசாரிப்பார்கள். ஜாதகம் பொருந்தினாலும் கடைக்கார அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினால் போச்சு. எங்கள் அண்ணாச்சி நல்ல மனிதர். அவரே பெருமையாகச் சொன்னார்:

“மாப்பிள்ளையோட அம்மா ஆள் விட்டிருந்தாவ. குடும்பத்துல சீக்கு கீக்கு உண்டுமான்னு கேட்டாவ. அந்த வீட்ல தும்மக்கூட மாட்டாவன்னு சொல்லிட்டேன்.”

உளுந்து வாங்கப் போன நான் தும்மலை அடக்கிக்கொண்டு வீடு திரும்பினேன். அன்றிலிருந்து அந்தச் சம்பந்தியம்மாவை நினைத்தாலே பயம்தான். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று கல்யாணத்தை நிறுத்திவிடுவாரே. உள்ளூரில் சோதனைக்குக் கொடுத்தாலோ, முடிவு நம் கைக்கு வருமுன் தெருவுக்கு வந்துவிடும்.

கார்த்திகையில் புளியங்கொட்டை நெல்லிக்காய் ஆனது. ஒரு சாயங்காலம் மகள் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் என் பேரைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவள் கட்டிக்கொண்டாள். எனக்குச் சாகப் பயமாக இருந்தது.

அப்படித்தான், கல்யாணம் வரை பொறுக்காமல் கணவரை இழுத்துக்கொண்டு, அந்தச் சீக்கைப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு மதுரைப் பயணம். திரும்பி வரும்போது தெருவில் பார்க்கிறவர்களுக்குக் காட்ட, பழைய பட்டுச்சேலைக் கடைப் பை ஒன்றையும் மடித்துக் கையோடு கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதும் கணவர் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காற்றுப் பட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் எண்ணம்.

உள்ளே காத்திருக்கும் கூடத்தில் பாதித் தூத்துக்குடி உட்கார்ந்திருந்தது. என் ஆபீஸ் மேலாளர் துண்டால் முகத்தை மூடப் பார்த்து, முடியாமல், “பல்லு பிடுங்க வந்தேம்மா,” என்றார். அங்கே பல் வைத்தியமே கிடையாது. “நான் சேலை எடுக்க வந்தேன் சார்,” என்றேன். ஒருவரை ஒருவர் முழுசாக நம்பினோம்.

காலியாக இருந்த ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் சம்பந்தியம்மா.

“மதினி, நீங்க எங்க இங்கன?” என்றார்.

“கல்யாணச் சேலை எடுக்க வந்தோம். அப்படியே ஒரு சொந்தக்காரவியளப் பாத்துட்டுப் போவலாம்னு. நீங்க?”

“நானும் சேலைதான்.”

அவர் மடியிலும் ஒரு கடைப் பை. அதிலும் சேலை இல்லை. நர்ஸ் வந்து ஒரு பேரைக் கூப்பிட்டாள். அவருடைய பேர். அவர் சுவரைப் பார்த்தார். நர்ஸ் ஊர்ப் பேரையும் சேர்த்து உரக்கக் கூப்பிட்டாள். அப்போதும் சுவர்தான்.

“மதினி, ஒங்களத்தான் கூப்பிடுதாவ,” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். “பங்குனியிலேருந்து கட்டி இருக்கு மதினி. மவனுக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்ச நேரம். வெளிய தெரிஞ்சா பொண்ணு தர மாட்டாவன்னு இருந்துட்டேன். நிச்சயத்துக்கு அப்புறம் ஒங்களுக்குப் பயந்துட்டு இத்தன நாளா வரல.”

“எங்க வீட்டுச் சீக்க விசாரிச்சது நீங்கல்லா?”

“நாங்க விசாரிச்சா, எங்கள யாரும் விசாரிக்க மாட்டாவல்லா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கதையைச் சொன்னதும் அவருக்கும் வந்தது. அந்தக் கூடத்தில் சத்தம் போட்டுச் சிரித்தோம். சுற்றி இருந்தவர்கள் முறைத்தார்கள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

என்னுடையது நீர்க்கட்டி. மூன்று மாதம் நான் நடுங்கிய அந்த ஊசியைக் குத்தி நீரை எடுத்ததும் நெல்லிக்காய் இருந்த இடம் தெரியவில்லை. வெறும் நீர், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். டீக்கடைக்கு வந்து சொன்னபோது கணவர், கஷாயம் வேலை செய்திருக்கிறது என்றார். அவரை அப்போது என்ன செய்தாலும் தகும், ஆனால் சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு முடிவு சொல்ல ஒரு வாரம் கழித்து வரச்சொன்னார்கள். அன்று நான்தான் அவரோடு உள்ளே போனேன். அவர் வீட்டுக்காரரும் இப்போது அதே டீக்கடையில், என் கணவருக்குப் பக்கத்தில்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். காகிதங்களை இரண்டு தடவை படித்தாள்.

“எலும்பு வரைக்கும் பரவியிருக்கும்மா. வைத்தியம் இருக்கு, செய்வோம். ஆனா பங்குனியிலயே வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.” அவளுக்குக் கோபம் வந்திருந்தது. “இத்தனை மாசமா யாருக்கும்மா பயந்துட்டு இருந்தீங்க?”

சம்பந்தியம்மா தலை குனிந்துகொண்டார். மறந்தும் என் பக்கம் திரும்பவில்லை.

“எனக்குத்தான் டாக்டர்,” என்றேன்.